ஏட்டிலும் வளவிலும் ஆவிரை

தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தில், உயிர்மயங்கியல் என்னும் இயலில், பனை, அரை, ஆவிரை என்னும் மூன்று பெயர்களையும் ஒருங்கு வைத்து விதி கூறும் நூற்பா ஒன்று உண்டு. இம்மூன்றும் வருமொழியோடு புணருங்கால் அம் என்னுஞ் சாரியை பெறும் என்பதும், அரை என்பதொழிய ஏனையிரண்டும் தம் ஈற்று ஐகாரத்தை இழக்கும் என்பதும் அதன் கருத்தாம். பனையும் காயும் புணர்ந்து பனங்காய் என வருதலும், ஆவிரையும் கோடும் புணர்ந்து ஆவிரங்கோடு என வருதலும் இவ்விதி பற்றியேயாம். இதனை வகுப்பிலே கற்பிக்குந்தோறும் நாம் காண்பதொன்றுண்டு. பனங்காய் என்றவுடனே மாணவர்க்கு மணமும் சுவையும் நினைவுக்கு வருகின்றன. விதியும் உடன் மனத்திற் பதிகின்றது. ஆவிரங்கோடு என்றால் அவர்கள் விழிக்கின்றனர். ஆவிரை கொடியோ மரமோ என்று வினவுவாரும் உளர். விடைத்தாளிற் பிழையின்றி எழுதுவர். பள்ளிக்கு வரும் வழியில் அச்செடி நின்றால் அதனை அறியார்.

பொருளை அறியாது சொல்லை மாத்திரம் காத்தல், நெல்லைக் கொட்டிவிட்டு உமியைக் கட்டிவைத்தலோடொக்கும். ஆதலின், இச்சிறு கட்டுரையில் ஆவிரை இன்னதென்பதனையும், அதனை நம் வளவிலே வளர்க்கும் முறையினையும் கூறப்புகுகின்றோம். இலக்கணம் கற்பிக்கும் நாம் பயிர்த்தொழில் பேசலாமோ என்று அன்பர்கள் எண்ணாதிருப்பாராக. செடியைக் காட்டாமல் அந்நூற்பாவைக் கற்பித்தல் எமக்கு நிறைவு தருவதில்லை.

பெயர்

ஆவிரை என்பது பழைய வடிவம். ஆவரை, ஆவாரை என்பன அதன் திரிபுகள். தமிழ்நாட்டில் ஆவாரம்பூ என்றும், ஈழநாட்டுத் தமிழ்மக்களிடையே ஆவரசு, ஆவரை என்றும் வழங்கும். ஆவாரம்பூ என்று வாயாரச் சொல்லும் எழுத்தறியாத கிழவியும் தொல்காப்பியர் விதியைப் பிழையாது கையாளுகின்றாள். ஐகாரங் கெட்டு அம் வந்து நிற்றலைக் காண்க. வலிகாமங் கிழக்கிலே புத்தூரை அடுத்துள்ள ஆவரங்கால் என்னும் ஊர்ப்பெயரைச் செடிப்பெயரடியாக வந்ததெனக் கொள்ளின், அங்கும் இவ்விதியே அமைந்து கிடக்கும். சிங்கள மக்கள் இதனை ரணவரா என்பர். தெலுங்கர் தங்கேடு என்பர். இலின்னேயசு என்னும் தாவரவறிஞர் 1753 ஆம் ஆண்டில் இதற்குக் காசியா ஒரிக்குலாற்றா என்று பெயரிட்டார். இற்றை நாளில் சென்னா ஒரிக்குலாற்றா என்பதே தாவர நூலார் கொள்ளும் பெயர். ஒரிக்குலாற்றா என்னும் இலத்தீன் அடைமொழிக்குச் செவியுடையது என்பது பொருள். இலைக்காம்பின் அடியிலே சிறு காதுமடல்போல அகன்று நிற்கும் இலையடிச் செதில்களை நோக்கி அப்பெயர் இடப்பட்டது.

சான்றோர் செய்யுளில்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே தலைவியும் தோழியும் பறித்த 99 மலர்களின் வரிசையில் ஆவிரையும் ஒன்று. எனினும், பிற பாடல்களில் இம்மலரின் சிறப்பிடம் மடலேறுதலேயாம். தான் விரும்பிய மங்கையைப் பெறாத தலைவன், நாணைத் துறந்து, பனைமடலாற் செய்த குதிரையின்மேல் ஏறி ஊர்த்தெருவிலே வருவேன் என்பது மடற்றுறை. அக்குதிரைக்கும் அதனை ஊர்வானுக்கும் ஆவிரை, எருக்கு, பூளை முதலிய மலர்கள் மாலையாயின. குறுந்தொகையின் 173 ஆம் பாடலிலும், கலித்தொகையின் நெய்தற்கலியிலும் இச்செய்தியைக் காணலாம். பூக்கடையில் விலைபெறாத மலரும், தோட்டத்தில் எவரும் பேணாத மலரும், காதலில் எல்லாம் இழந்தவனுக்கு அணியாயின. பனையும் ஆவிரையும் இலக்கண நூற்பாவில் அடுத்தடுத்து நின்றமை போலவே இலக்கியத்திலும் இணைந்து நிற்றல் கருதத்தக்கது. இரண்டும் நீர் குறைந்த வெளியிலே, வேண்டுவாரின்றி வளர்வன. பண்டைத் தமிழர் இவ்விரண்டனையும் ஒரே நிலத்தில் நாள்தோறும் கண்டனர்.

இம்மரபு இன்னும் முற்ற அழிந்ததன்று. கொங்கு நாட்டிலே போகி நாளில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி வீட்டு வாயிலிலும் கூரையிலும் செருகுவர். இதனைக் காப்புக் கட்டுதல் என்பர். தெலுங்கானாவிலே பதுக்கம்மா விழாவில் மலர்க்கோபுரம் அமைத்தற்குத் தங்கேடு இன்றியமையாதது. 2014 ஆம் ஆண்டு தெலுங்கானா தனிமாநிலமானபொழுது இதனையே தன் மாநில மலராகக் கொண்டது. மடலேறியவன் சூடிய மலர் ஒரு மாநிலத்தின் முடிமலராயிற்று.

உருவமும் இனங்காணலும்

ஆவரசு அடியிலிருந்தே பல கிளைவிட்டுப் பெரும்பாலும் 4 முதல் 8 அடி உயரம் வளரும் புதர்ச்செடி. பட்டை கபில நிறமானது. இலை, புளியிலைபோலக் கூட்டிலை. எனினும் சிற்றிலைகள் புளியினும் பெரியன. 8 முதல் 12 சோடி வரை எதிரெதிராக அமைந்திருக்கும். ஒவ்வொரு சோடிக்கும் நடுவே காம்பின்மேல் ஒரு சிறு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். கிளை நுனிகளிற் பூக்கள் கொத்தாகத் தோன்றும். பொன்மஞ்சள் நிறமான இதழ்கள் ஐந்து. அவற்றின் விளிம்பு சுருங்கி நெளிந்திருக்கும். மகரந்தத்தாள்கள் பத்தினுள் மேல்மூன்றும் மலடானவை.

இம்மலரிலே தேனில்லை; மகரந்தமே வண்டுக்கு விருந்து. அதுவும் எளிதிற் கிடைப்பதன்று. மகரந்தப்பை நெடுக வெடித்துத் திறவாது, நுனியிலுள்ள சிறு துளைவழியாகவே பொடியைச் சொரியும். கருநிறத் தச்சுத் தேனீக்கள் மலரைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசைகளை அதிரச் செய்யும். அவ்வதிர்ச்சியால் மகரந்தம் உதிர்ந்து அவற்றின் உடலிற் படியும். பூத்த ஆவரசின் அருகே காலைப்பொழுதில் எழும் விட்டுவிட்ட ரீங்காரத்தின் காரணம் இதுவே. மாணவர்க்குத் தாவரவியலும் விலங்கியலும் ஒருங்கே கற்பிக்க இதனினுஞ் சிறந்த பாடநூல் வேறில்லை.

காய், தட்டையான மெல்லிய நெற்று; விதைகளுக்கு இடையிடையே மடிந்து அலைபோலத் தோன்றும்; முதிர்ந்தவிடத்து வெளிறிய கபில நிறங் கொண்டு காற்றிற் சலசலக்கும்.

இனி, மஞ்சட்பூ என்ற ஒப்புமையொன்றே பற்றி வேறு செடிகளை ஆவரசென மயங்கலாகாது. சரக்கொன்றை மரமாவது, அதன் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும், காய் நீண்ட குழல். தகரையும் பேயாவரையும் இதன் இனத்தனவாயினும் சிறியன. அவற்றின் நெற்று ஒடுங்கி நீண்டிருக்கும். பேயாவரையின் விதை குழந்தைகளுக்குப் பெருங் கேடு செய்வது. வட இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியிற் பல்லாண்டுகளாகக் குழந்தைகளைக் கொன்ற நோயொன்றுக்கு அவ்விதையை உண்டமையே காரணமென இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர் கண்டனர். எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது மஞ்சள் அலரி. நம் ஊர் வேலிகளிலும் கோவில் வீதிகளிலும் அது நிற்கின்றது. அதன் விதை இதயத்துடிப்பைக் குலைத்து உயிரைப் போக்கும். இலங்கை மருத்துவமனைகள் நன்கறிந்த நஞ்சு அது. அலரியின் இலை தனியிலை, ஒடுங்கி நீண்டது, ஒடித்தாற் பால் வடியும், பூ குழாய்வடிவானது. ஆவரசின் இலை கூட்டிலை; ஒடித்தாற் பாலில்லை; இதழ் தனித்தனியானவை. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கையிற்கொடுத்துக் காட்டுதல் பெற்றோர் கடன்.

பயன்

ஆவாரம்பட்டையில் தனின் என்னும் துவர்ப்பொருள் மிகுதியும் உண்டு; காய்ந்த பட்டையின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குவரை அதுவாகும். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்துத் தோல் பதனிடுவோர்க்கு ஆவாரம்பட்டையே முதன்மையான சரக்காயிற்று. பின்னர்த் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை அதன் இடத்தைக் கவர்ந்தது.

சித்த வைத்தியர் இதன் வேர், பட்டை, இலை, பூ, காய் என்னும் ஐந்துறுப்பையும் மருந்தெனக் கொள்வர். நீரிழிவுக்கு வழங்கும் ஆவாரைக் குடிநீர் பெயர்பெற்றது. தென்னிலங்கையில் ரணவராப் பூவை உலர்த்தித் தேநீர்போலக் காய்ச்சிப் பருகுவர். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் இறப்பாரும் உளரோ என்னும் கருத்தமைந்த பழமொழியும் உண்டு. பழமொழி, செடியின் பெருமையைக் கூற எழுந்தது; மருந்துச்சீட்டாக எழுந்ததன்று. நீரிழிவுடையார் மருத்துவர் தந்த மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டு இப்பூவை நம்புதல் உயிரோடு விளையாடுதலாகும். வலிப்புநோய்க்குக் கொடுக்கப்படும் கார்பமசெபின் என்னும் மருந்தோடு இத்தேநீரைச் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தபொழுது, குருதியில் அம்மருந்தின் அளவு உயர்ந்தமை அறியப்பட்டது. ஆதலின், வேறு மருந்துண்பார் தம் மருத்துவரிடம் உரைத்த பின்னரே இதனைப் பருகுக.

இலையைக் குழையாகத் தாட்டு உரமாக்கலாம். பயற்றினக் குடும்பத்ததாயினும், இதன் குலத்துச் செடிகளிற் பெரும்பாலானவை வேர்முடிச்சு உண்டாக்குவனவல்ல. ஆகவே காற்றிலுள்ள நைதரசனை இது நிலத்திற் சேர்க்கும் என்று எதிர்பார்த்தலாகாது. வெட்டிப் புதைக்கும் குழையினளவே பயன் என்பது அறியற்பாலது.

வளர்க்கும் முறை

நிலம்: செம்மண், மணல், கல்லிடுக்கு ஆகிய யாவும் ஏற்கும். நீர் தேங்கும் பள்ளம் ஒன்றே ஆகாது. வயலோரத் தாழ்நிலமாயின் ஓரடி உயரம் மேடு கட்டி நடுக. நாள்முழுதும் வெயில் படும் இடம் வேண்டும். மாமர நிழலிலோ பலாமர நிழலிலோ நட்டால் ஒல்லியாக நீண்டு, பூவாது நிற்கும்.

விதை: கிளுவையும் பூவரசும் கதியால் நட்டால் தழைக்கும், ஆவரசுக்கு விதையே உறுதியான வழி. செடியிலேயே நன்கு காய்ந்த நெற்றைப் பறித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி உடைக்க. துளையுள்ள விதைகளை நீக்குக. விதையின் தோல் மிகக் கடினமானது. மழைத்துளி ஒன்றிரண்டு பட்டவுடன் முளைத்துப் பின் வெயிலிற் கருகாமல் இருத்தற்கு இயற்கை செய்த காவல் அது. அக்காவலை நாம் நெகிழ்த்துதல் வேண்டும். கொதித்த நீரை அடுப்பினின்று இறக்கிச் சிறிது ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி, ஓரிரவு ஊறவிடுக. காலையிற் பருத்திருப்பவை முளைக்கத் தகுந்தவை. பருக்காதவற்றைப் பருமணலோடு சேர்த்துத் தேய்த்து மீண்டும் ஊறவைக்க. அடுப்பிலே வைத்துக் காய்ச்சுதல் கூடாது, முளை இறந்துபடும்.

விதைப்பு: ஆவணி, புரட்டாதி மாதங்களிற் சிறு பைகளில் விதைத்து, ஐப்பசி மழை இறங்கியபின் நிலத்தில் நடுதல் ஒரு முறை. மழை தொடங்கியவுடன் நேரே நிலத்தில் விதைத்தல் மற்றொரு முறை. இரண்டினுள் பின்னதே நன்று. ஏனெனில் ஆவரசின் ஆணிவேர் விரைந்து ஆழச் செல்லும். பையில் நெடுநாள் இருந்தால் வேர் சுருண்டு, பின்னர்க் கோடையைத் தாங்காது. பையில் வளர்ப்போர் இரண்டு மாதத்துக்குமேல் வைத்திராமல், மண்கட்டி உடையாது நடுக. குழிக்கு மூன்று விதையாக அரையங்குல ஆழத்தில் இட்டு மூடுக. ஒன்றிரண்டு கிழமையில் முளை தோன்றும். வலிய நாற்று ஒன்றை வைத்து ஏனையவற்றை நீக்குக. வேலியாக வளர்ப்பதற்கு 3 அடி இடைவெளியும், தனிச்செடிக்கு 6 அடியும் போதும்.

நீர்: மாரி முடியுமளவும் நாம் ஊற்ற வேண்டுவதில்லை. முதற்கோடையில் மாத்திரம், மாசி தொடங்கி ஆவணிவரை, கிழமைக்கொருமுறை ஒரு வாளி நீர் ஊற்றுக. இரண்டாம் ஆண்டு முதல் அதுவும் வேண்டா. அடியில் வாடிய பனையோலையோ சருகோ பரப்பினால் ஈரம் நிற்கும். செயற்கையுரம் இடுதல் தவறு. இட்டால் இலை பெருகிப் பூ குறையும்.

காவல்: நாற்றுப் பருவத்தில் ஆட்டுக்கும் கோழிக்கும் எட்டாதவாறு முள் வளைக்க. மஞ்சள் நிறத்தனவும் வெண்மை கலந்தனவுமாகிய வண்ணத்துப்பூச்சிகள் இதன் இலையில் முட்டையிடும். பச்சைப்புழுக்கள் சிலநாள் இலையைத் தின்னும். நஞ்சு தெளிக்க வேண்டா. செடி மீண்டுந் தளிர்க்கும், புழு வண்ணத்துப்பூச்சியாகும், இரண்டும் நமக்கு ஊதியமே.

கவ்வாத்து: இது புதுத்தளிரின் நுனியிற் பூப்பது. ஆதலால் நெற்று முற்றியபின், புரட்டாதியில், மழைக்கு முன்னே, மூன்றிலொரு பங்கு உயரத்தை வெட்டிவிடுக. வெட்டிய குழையைத் தோட்டத்திலே தாழ்க்க. மழை பெய்தவுடன் பல கிளை விட்டு, மார்கழி தையில் நிறையப் பூக்கும். நல்லிடத்து நட்ட செடி இரண்டாம் ஆண்டிற் பூத்தல் இயல்பு.

குளிர்நாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு ஒரு சொல். பனிப்படிவு இதனைக் கொன்றுவிடும். தொரன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்வோர் பெருஞ்சாடியில் வளர்த்துக் குளிர்காலத்தில் வெயில்படும் சாளரத்தருகே வைத்தல் வேண்டும். ஊரிலிருந்து விதை கொண்டுசெல்வோர் அவ்வந் நாட்டுத் தாவரத் தடைச்சட்டத்தை முன்னரே அறிந்து நடப்பாராக.

இன்று வேண்டுவது யாது?

நம் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. ஆண்டு முழுவதும் பாயும் ஆறு நமக்கில்லை. ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் மழை கற்பிளவுகளின் வழியாக இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குவதே நம் கிணற்றுநீர். அதனை மிகுதியாக இறைத்தால் உவர் ஏறுகின்றது. யூரியா முதலிய உரங்களை மிகையாக இட்டதனால், செய்கைநிலங்களிலுள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நிலையிலே புதிதாகக் கட்டப்படும் வீடுகளைக் காண்கின்றோம். முற்றத்தை எல்லைவரை சீமெந்துக்கல்லால் மூடுகின்றனர். மழைநீர் கிணற்றுக்குச் செல்லாது தெருவுக்கு ஓடுகின்றது. எஞ்சிய மூலையில் நாள்தோறும் நீர்வேண்டும் புல்லையும் அயல்நாட்டுப் பூச்செடியையும் வைத்து, கோடையிலும் கிணற்றை இறைக்கின்றனர். ஒழுங்கையோரத்தில் எவரும் நீரூற்றாமல் நின்ற ஆவரசைப் பற்றையென வெட்டி எரிக்கின்றனர். பின்னர் அதன் உலர்ந்த பூவைக் கடையிலே பொதியாக விலைகொடுத்து வாங்குகின்றனர்.

யாரையுங் குறைகூறுதல் நம் கருத்தன்று. இல்லமைத்தோர் பலர் போரில் வீடிழந்து, பல்லாண்டு அயலூரில் அலைந்து, மீண்டு வந்தோர். தம் முற்றம் அழகாக இருத்தல் வேண்டும் என அவர் விரும்புவது முறையே. அவ்வழகு நம் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். கோடை வறட்சியிலும் பசுமை மாறாது, மாரி கழியப் பொன்னாய் மலர்ந்து, ஒரு வாளி நீரும் கேளாத செடி நம்மிடமே இருக்கின்றது.

ஆதலின், இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவர்களிடம் மூன்று செயல்களை வேண்டுகின்றோம். முதலாவது, ஊரிலுள்ளோர் தத்தம் வளவிலே வெயில்படும் எல்லையில் ஓர் ஆவரசேனும் வளர்க்க. இரண்டாவது, கல்லூரிக்கு நன்கொடை வழங்குவோர் கட்டடத்தோடு நில்லாது, குறிஞ்சிப்பாட்டு மலர்களுள் நம் நிலத்தில் வளரத்தக்கவற்றைக் கொண்ட சிறு தோட்டமொன்றுக்கும் உதவுக. அதற்குப் பெரும்பொருள் வேண்டா. வேலியும் ஓராண்டுக் கவனிப்புமே வேண்டும். மூன்றாவது, தமிழாசிரியராயுள்ளோர் உயிர்மயங்கியலைக் கற்பிக்கும் நாளில் மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்க. ஒரு கையிற் பனங்காயும் மறுகையில் ஆவிரங்கோடும் வைத்து ஒருமுறை சொல்லிக்கொடுத்த விதியை அம்மாணவர் ஆயுளுள்ளளவும் மறவார்.

விதை சேர்க்க விரும்புவோர் முற்றிய நெற்றைக் கண்டவிடத்திற் பறித்து வைத்துக்கொள்க. அடுத்த ஐப்பசி மழைக்குள் விதைக்கலாம்.